எத்தனை டோன் என்பது அப்புறம்

கேள்வி: தஞ்சாவூரை அடுத்த ஓர் ஊரில் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். வயது 24. குழுவில் டிரம்ஸ், ரிதம் பேட், தபேலா, பேஸ் கிடார் எல்லாம் உண்டு. கீபோர்டு மட்டும் நான் ஒருவன்தான். கோயில் திருவிழாக்களும் கல்யாண வரவேற்புகளுமே பெரும்பாலான மேடைகள். இப்போது என்னிடம் இருப்பது வீட்டில் பழகுவதற்காக வாங்கிய, ஸ்பீக்கர் வைத்த சிறிய கீபோர்டு. ஒன்றே கால் லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட டோன்கள், அதாவது வெவ்வேறு கருவிகளின் ஒலிகள், உள்ள ஒன்றைக் கடைக்காரர் காட்டுகிறார். ஸ்டைல் உள்ள அரேஞ்சர் வாங்கச் சொல்கிறார் அண்ணன். 88 கீ இருந்தால்தான் மதிப்பு என்கிறார் எங்கள் பேஸ் கிடார்காரர். நண்பர் ஒருவர் தன் பழைய ரோலண்ட் எக்ஸ்பி-80ஐக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது? இப்போது இருப்பதை விற்றுவிடலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கிறார்கள். மேடையில் நீங்கள் என்ன வாசிக்கிறீர்கள் என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

ஒற்றைக் கீபோர்டு உள்ள மெல்லிசைக் குழுவில் அந்த ஒருவர்தான் பாதி ஆர்க்கெஸ்ட்ரா. முன்னிசையில் வயலின் கூட்டம், அதன் வாலைப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல், பல்லவிக்கு எலெக்ட்ரிக் பியானோ, இடையிசையில் வீணையோ ஷெனாயோ, சரணத்துக்குள் நுழையும்போது மறுபடியும் வயலின். இவ்வளவும் நான்கைந்து நிமிடப் பாட்டுக்குள். நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டு அரை வினாடிதான். வயலின் முடிந்து குழல் தொடங்க அரைத் தட்டு இடைவெளி என்றால், உங்களுக்குக் கிடைப்பது கால் வினாடி. அதற்குள் திரையில் வகை தேடி, பக்கம் புரட்டி, டோனைத் தொட்டு, கையைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது. ஆகவே ஆயிரம் டோன் இருக்கிறதா என்பது அப்புறம். அடுத்த டோனுக்கு ஒரே அழுத்தத்தில், சத்தம் அறுபடாமல் போக முடிகிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரு கச்சேரியில் உண்மையில் புழங்கும் டோன்களை எண்ணிப் பாருங்கள், முப்பது நாற்பதைத் தாண்டாது.

கடையில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விரலை எடுத்தபின்னும் ஒலியை நீளவைக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டு வயலின் டோனில் ஒரு கார்டை, அதாவது மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து, பிடியுங்கள். சத்தம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே புல்லாங்குழலுக்கு மாற்றுங்கள். வயலின் சட்டென்று செத்துப்போனால் அந்தக் கருவி உங்களுக்கு உதவாது. சில கருவிகளில் சத்தம் நிற்காது; ஆனால் ரிவெர்ப் (எதிரொலி) போன்ற எஃபெக்ட்டுகள் புது டோனுக்கு ஏற்ப மாறும் நொடியில் ஒரு நெளிவு கேட்கும். அதையும் காது கொடுத்துக் கேளுங்கள். 2018இல் வந்த யமஹா எம்ஓடிஎக்ஸ் வரிசையில் இந்த மாற்றம் துளியும் தெரியாது. நான்கு பார்ட்டுகள் வரை அடுக்கிய டோனிலும் பழைய சத்தம் தன் போக்கில் அடங்கும், புதியது அதன் மேலேயே எழும். ரோலண்ட் ஃபேன்டம், கோர்க் நாட்டிலஸ் ஆகியவற்றிலும் இதே வசதி வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் புதிய ஃபேன்டமும் நாட்டிலஸும் உங்கள் தொகைக்குள் வராது.

மாற்றுவதைக் காலுக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. பாட்டுக்குத் தேவையான டோன்களை வரிசையாகச் சேமித்து வைத்து, கால் சுவிட்சை மிதிக்க மிதிக்க அடுத்தடுத்து வரும்படி செய்யலாம். எம்ஓடிஎக்ஸில் லைவ் செட் என்ற திரையில் ஒரு பக்கத்துக்கு 16 கட்டங்கள். அவற்றைக் காலால் ஒவ்வொன்றாக நகர்த்தலாம். யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ் அரேஞ்சர்களில் டோன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரேஷன் பட்டன்களை இதேபோல் பெடலோடு இணைக்கலாம். வாங்கப்போகும் கருவியில் சஸ்டெயினுக்கு ஒன்று, டோன் மாற்ற ஒன்று என்று இரண்டு பெடல் துளைகளாவது தனித்தனியாக இருக்கின்றனவா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். எக்ஸ்பிரஷன் பெடலுக்கு மூன்றாவது துளையும் இருந்தால் வயலினை மெல்ல எழுப்பவும் அடக்கவும் கை தேவைப்படாது.

மாற்றாமலே சமாளிக்கும் வழியும் உண்டு. 61 கீயில் கீழ் இரண்டு ஆக்டேவை வயலினுக்கும் மேல் மூன்றைக் குழலுக்கும் பிரித்து வைத்தால் (இதற்கு ஸ்ப்ளிட் என்று பெயர்) பாதிப் பாட்டுகளுக்கு எந்தப் பட்டனையும் தொட வேண்டியதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ஆக்டேவ் நகர்த்த முடிகிறதா, ஒலியளவு கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதே. முடியாவிட்டால் குழல் கீச்சிடும், வயலின் உறுமும்.

இனி உங்கள் அண்ணன் சொல்லும் அரேஞ்சர். அது மோசமான கருவியல்ல. இடது கையில் கார்டைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் தானே சேர்ந்து வாசிக்கும்; அந்தத் தானியங்கிப் பின்னணிதான் ஸ்டைல். தனி ஆளாகப் பாடகரோடு போகிறவருக்கும், தேவாலயத்தில் தாளவாத்தியக்காரர் இல்லாமல் வாசிக்கிறவருக்கும் அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. உங்கள் குழுவிலோ டிரம்ஸ், ரிதம் பேட், தபேலா, பேஸ் நான்கும் உயிரோடு இருக்கின்றன. ஸ்டைலைத் தட்டிவிட்டால் டிரம்ஸ்காரர் இயந்திரத்தின் பின்னால் ஓட வேண்டும். பாடகர் சரணத்தில் சற்றே இழுத்தால் மனிதர்கள் சேர்ந்து இழுப்பார்கள், ஸ்டைல் இழுக்காது. நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்துவிட்டு அவர்கள் வேலையை ஒரு பட்டனுக்குக் கொடுப்பானேன்?

எடையையும் பாருங்கள். பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 பதினொன்றரைக் கிலோ. அதே 61 கீ உள்ள எம்ஓடிஎக்ஸ்6 வெறும் 6.6 கிலோ. அரேஞ்சரின் உடம்புக்குள் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. திருவிழா மேடையில் அந்த ஸ்பீக்கரின் சத்தம் பக்கத்தில் நிற்கும் பாடகருக்குக்கூடக் கேட்காது. கேட்காத ஸ்பீக்கரை வேனில் ஏற்றி இறக்குவதில் எனக்குச் சம்மதமில்லை.

88 கீ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்த வகையில் பெரும்பாலானவை பியானோ போல எடை வைத்த கீகளோடு வரும். பியானோ பயின்ற கைக்கு அது சுகம். குழல், வயலின், ஷெனாய், நடுநடுவே தவில், டோலக் என்று கீயில் தட்டித் தட்டி வாசிக்கும் கைக்கு இலேசான கீயே வேகம் தரும். மதிப்பு கீயின் எண்ணிக்கையில் இல்லை என்று பேஸ் கிடார்காரரிடம் சொல்லுங்கள். அவருடைய கிடாரில் நான்கே நான்கு தந்திகள்தானே! ஸ்ப்ளிட் அதிகம் போடுகிறவர் என்றால் 76 நல்ல நடுவழி.

நண்பரின் எக்ஸ்பி-80க்கு வருகிறேன். 1996இல் வந்த அந்தக் கருவிக்கு நம் ஊர் மேடைகளில் நல்ல பெயர் உண்டு. 76 கீ, நல்ல கனமான வயலின், பின்னணியில் மெத்தென்று நீளும், இன்றைக்கும் சலிக்காத பேட் சத்தங்கள். கூடுதல் ஒலி அட்டைகள் செருக நான்கு இடங்கள் அதனுள் இருக்கின்றன. ஆசியக் கருவிகளுக்கென்றே ரோலண்ட் வெளியிட்ட அட்டை ஒன்று உண்டு. அது உள்ளே இருந்தால் நண்பர் இன்னும் கொஞ்சம் விலை கேட்டாலும் நியாயமே.

ஆனால் உங்கள் ஒரே கருவியாக அதை வாங்கச் சொல்ல மாட்டேன். காரணம் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய குரல்களின் எண்ணிக்கை, அதாவது பாலிஃபோனி. அதற்கு 64 குரல்கள்தான். அதன் ஒரு பேட்ச்சுக்குள் (ரோலண்ட் டோனுக்கு வைத்த பெயர்) நான்கு அடுக்குகள் வரை இருக்கலாம், அடுக்குக்கு ஒரு குரல். அப்படிப்பட்ட பியானோவையும் வயலினையும் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர் செய்தால் ஒரு கீயை அழுத்தும்போதே எட்டுக் குரல்கள் போய்விடுகின்றன. பெடலை மிதித்தபடி எட்டு கீகளைத் தொட்டால் 64ம் தீர்ந்தது. ஒன்பதாவது கீயைத் தொடும்போது முதலில் பிடித்த ஸ்வரம் காணாமல் போகும். கேட்பவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் ஒலி இளைத்தது காதில் விழும். தவிர, லேயர் செய்யும்போது இரண்டு டோன்களுக்கும் தனித்தனி எஃபெக்ட் கிடையாது. அதனால் தனியாக இனித்த டோன் சேர்ந்து வாசிக்கும்போது வறண்டுவிடும். சேமிப்பது ஃபிளாப்பி டிஸ்கில். இன்று அதை எந்தக் கடையில் தேடுவீர்கள்? இரண்டாவது கருவியாக, வயலினுக்கும் பேடுக்கும் மட்டும் வைத்துக்கொள்ள எண்ணினால், பிற்பாடு கையில் காசு வரும்போது யோசியுங்கள்.

மிச்சமிருப்பவை என்ன? புதியதாகவே வேண்டும் என்றால் ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-30 கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். இந்தியக் கருவி டோன்களை மனத்தில் வைத்து நம் பக்கத்துச் சந்தைக்கென்றே வந்த கருவி அது. உங்கள் தொகையில் மிச்சமும் இருக்கும். அதன் உறவுக்காரரான ஜூனோ-டிஎஸ்61 எடை 5.3 கிலோ, 128 குரல்கள். மின்சாரம் போனாலும் ரீசார்ஜ் செய்யும் எட்டு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பென்சில் பேட்டரிகளில் ஓடும். கோர்க் கிராஸ் 2 இன்னும் இலேசு, 3.8 கிலோ, ஆறு பேட்டரி போதும். ஆனால் அதன் கீகள் என் கைக்குப் பொம்மைத்தனமாகவே பட்டன. கேசியோவின் சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்ற, இந்திய டோன்களோடு வரும் மாடல்கள் விலைக்கு நல்ல பொருள்தான். ஆனால் நீங்கள் இப்போது வைத்திருக்கும் வகையின் அண்ணன் அது. உங்களுக்கு வேண்டியது வேறு வகை.

என்னைக் கேட்டால், பில்லோடு ஒழுங்காகப் பராமரித்த பழைய எம்ஓடிஎக்ஸ்6ஐத் தேடுங்கள் என்பேன். டோன் மாற்றத்தில் அது தரும் நிம்மதியை இந்த விலையில் வேறொன்று தராது. குறை என்று பார்த்தால் வாங்கியவுடன் அதில் நம் கருவிகள் போதாது. ஆனால் சொந்த ஒலிகளை ஏற்றிக்கொள்ள 1 ஜிபி நினைவகம் இருக்கிறது, அணைத்தாலும் அழியாது. நாதஸ்வரம், வீணை, தவில் ஒலிகளைக் கணினியில் தயார் செய்து அதில் ஏற்றலாம். இதற்குக் கொஞ்ச நாள் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். அந்தப் பொறுமை இல்லை, அடுத்த வாரமே மேடை இருக்கிறது என்றால் எக்ஸ்பிஎஸ்-30தான் உங்களுக்கு. பென் டிரைவில் போட்டு விற்கும் டோன் பேக்குகளைக் காசு கொடுக்கும் முன் உங்கள் கருவியில் ஏற்றிக் கேட்டுவிடுங்கள். வேறு மாடலுக்குச் செய்ததைத் தலையில் கட்டிவிடுவார்கள்.

நாதஸ்வரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நம் டோன்கள் உயிர் பெறுவது பிட்ச் பெண்டில், அதாவது ஸ்வரத்தை வளைப்பதில். கீயை மட்டும் அழுத்தினால் அது நாதஸ்வரமாகாது, ஹாரன்தான். யமஹா எம்ஓடிஎக்ஸில் பிட்ச்சுக்கும், ஒலியை அதிரவைக்கும் மாடுலேஷனுக்கும் தனித்தனிச் சக்கரம். ரோலண்டில் இரண்டுக்கும் ஒரே நெம்புகோல், பக்கவாட்டில் தள்ளினால் பிட்ச், முன்னால் தள்ளினால் மாடுலேஷன். எது மேல் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, உங்கள் இடது கைதான் சொல்ல வேண்டும். பெண்டின் அளவு வழக்கமாக மேலும் கீழும் ஒரு முழு ஸ்வரம், அதாவது இரண்டு அரைச் சுரங்கள் இருக்கும். அதை டோனுக்கு டோன் மாற்றிச் சேமிக்க முடிய வேண்டும். கீபோர்டில் கமகம் வராது என்பவர்களிடம், அதிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணனைக் கேட்கச் சொல்லுங்கள். ஆஃப்டர்டச் (பிடித்த கீயை இன்னும் அழுத்தி ஒலியை மாற்றும் வசதி) இல்லையே என்று இணையத்தில் புலம்புவார்கள். இந்த விலையில் புதிய கருவியில் அது கிடைப்பது அரிது, விடுங்கள்.

சுருதியையும் பார்த்துவிடுங்கள். பாடகி மேடையில் ஏறியபின் "அரைக் கட்டை இறக்குங்கள்" என்பார். டிரான்ஸ்போஸ் பட்டன் முகப்பிலேயே இருக்க வேண்டும், எத்தனை இறக்கியிருக்கிறோம் என்பது திரையில் பெரிதாகத் தெரிய வேண்டும். அது தெரியாத கருவியில் அடுத்த பாட்டு தவறான சுருதியில் தொடங்கும் நாள் கண்டிப்பாக வரும். நாதஸ்வரமோ ஹார்மோனியமோ சேரும் மேடைகளில் 440 ஹெர்ட்ஸ் கணக்கு எடுபடாது. அவர்கள் சற்று ஏறியோ இறங்கியோ இருப்பார்கள், அசைய வேண்டியவர் நீங்கள்தான். மொத்தச் சுருதியையும் நுணுக்கமாக ஏற்றி இறக்கும் மாஸ்டர் டியூன் திரையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்பே பார்த்துவையுங்கள்.

கடையில் ஹெட்போனில் கேட்டு மயங்க வேண்டாம். கருவியோடு வரும் டோன்கள் எல்லாம் கடையில் ஆளை இழுப்பதற்காகவே ரிவெர்ப்பில் ஊறவைத்தவை. கல்யாண மண்டபம் ஏற்கெனவே எதிரொலிக்கும் இடம். அங்கே அந்த டோன் கஞ்சியாகிவிடும். வாங்கியதும் நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு டோனிலும் ரிவெர்ப்பைப் பாதியாகக் குறைத்துச் சேமியுங்கள். வீட்டில் கேட்கும்போது மொட்டையாக இருக்கும். மேடையில் தெளிவாக எழும்.

ஒலியை வெளியே கொண்டுபோவதில் நடக்கும் ஒரு கூத்து எல்லா ஊரிலும் உண்டு. கீபோர்டின் பின்னால் இடது, வலது என இரண்டு துளைகள். இரண்டிலும் வயர் செருகிக் கொடுப்போம். மைக் செட்காரர் மிக்ஸரில் இடம் இல்லை என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வார். பியானோவின் மேல் ஸ்தாயி பாதி காணாமல் போகும், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழலும் டோன்கள் வந்து வந்து மறையும். நம்முடைய மேடைகளில் பெரும்பாலும் மோனோதான். ஆகவே இடது என்பதோடு மோனோ என்றும் எழுதியிருக்கும் துளையில் மட்டும் ஒரே வயரைச் செருகுங்கள். கருவி தானே இரண்டையும் சேர்த்து அனுப்பும். சில கருவிகளில் ஸ்டீரியோ பியானோ அப்படிச் சேரும்போது உள்ளீடற்றதாகிவிடும். கடையில் இதையும் கேட்டுப் பார்த்து, தேவையானால் மோனோ பியானோ டோன் ஒன்றைத் தேர்ந்துவையுங்கள். கீபோர்டின் ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் ஒரு டிஐ பாக்ஸும் இரண்டு நல்ல வயர்களும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஜெனரேட்டர் ஓடும் மேடையில் வரும் உறுமலில் பாதி அந்தப் பெட்டியின் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சிலேயே அடங்கும்.

மின்சாரம். சரணத்தின் நடுவில் ஒரு வினாடி வெளிச்சம் மினுங்கினால் டிரம்ஸ்காரருக்கு ஒன்றுமில்லை. உங்கள் கருவியோ அணைந்து மறுபடியும் முதலிலிருந்து எழுந்திருக்கும். 2011இல் வந்த கோர்க் குரோனோஸ் அற்புதமான கருவி, ஆனால் அது தயாராவதற்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் ஆகும். இரண்டு நிமிட மௌனத்தைத் திருவிழாக் கூட்டம் பொறுக்காது. கடையில் கருவியை அணைத்துப் போட்டு, வாசிக்கத் தயாராக எத்தனை வினாடி ஆகிறது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். பேட்டரியில் ஓடாத கருவி என்றால் கணினிக்கு வைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் வையுங்கள். அடாப்டரை யாரிடமும் இரவல் வாங்காதீர்கள். முள் பொருந்தினாலும் துருவம் மாறியிருக்கலாம், வோல்ட்டும் வேறாக இருக்கலாம்.

பெடலிலும் துருவச் சிக்கல் உண்டு. ஒரு கம்பெனியின் பெடலை இன்னொன்றில் செருகினால் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும். மிதிக்காதபோது சத்தம் நீளும், மிதித்தால் நிற்கும். சுவிட்சைப் போடும் நேரத்தில் கால் பெடல்மேல் இருந்தாலும் சில கருவிகள் இப்படிக் குழம்பும். காலை எடுத்துவிட்டு மறுபடி அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

பழைய கருவி பார்க்கப் போகும்போது பியானோ டோனில் கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கீயையும் ஒரே மெல்லிய அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு மட்டும் கத்தினால் உள்ளே ரப்பர் காண்டாக்ட் தேய்ந்திருக்கிறது. அது சரிசெய்யக்கூடியதுதான், விலையில் குறையுங்கள். பிட்ச் சக்கரத்தை விட்டபின் சுருதி சரியாகத் திரும்புகிறதா, வால்யூமைத் திருகும்போது கரகரக்கிறதா, வயர் செருகும் துளை ஆடுகிறதா, தொடுதிரையின் நான்கு மூலைகளும் விரலுக்குப் பதில் சொல்கின்றனவா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து கையில் கொண்டுவந்தது என்றால் எத்தனை வோல்ட் அடாப்டர் என்பதையும், சென்னையில் சர்வீஸுக்கு எடுப்பார்களா என்பதையும் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஒன்றே கால் லட்சத்தையும் கருவிக்கே கொடுத்துவிட வேண்டாம். நல்ல ஸ்டாண்டு, மெத்தை வைத்த உறை, இரண்டு பெடல்கள், டிஐ பாக்ஸ், யுபிஎஸ் ஆகியவற்றுக்கு முதலிலேயே ஒரு பகுதியை எடுத்துவைத்துவிட்டு மிச்சத்துக்குள் கருவியைத் தேடுங்கள்.

இப்போதிருக்கும் சிறிய கீபோர்டை விற்காதீர்கள். அதற்குக் கிடைக்கும் தொகை உங்களுக்குப் பெரிதாக உதவாது. வேனில் ஒரு மூலையில் கிடக்கட்டும். பெரியது மேடையில் மக்கர் செய்யும் அன்று, ஹெட்போன் துளையிலிருந்து மிக்ஸருக்கு ஒரு வயர் இழுத்தாவது கச்சேரியை முடித்துவிடலாம். அதற்குத் தேவையான வயரையும் சேர்த்து வாங்கி, அந்தக் கீபோர்டின் உறைக்குள்ளேயே போட்டுவையுங்கள்.